பக்கிரி குடிக்கவில்லை

1

இந்தக் கதையில் என் பங்கு அதிகம், என் உரிமை குறைவு. எப்படி வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அடையாறில் ஒரு ஆஸ்பத்திரி. வயிற்றுப் புண்ணுக்காக நான் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா, புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். என்னை முன்னே பின்னே தெரியாது. ஆனாலும் என் பக்கம் திரும்பிச் சொன்னார்:

"அந்தாளு குடிக்கவே இல்லயாம். டாக்டரம்மா போன் பண்ணி சொல்றாங்க. வவுத்துல கீற கிருமி பண்ண வேலையாம். நான் இன்னா பண்ணிட்டேன் பாத்தீங்களா…"

அதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார். நான் டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அந்த நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள்.

மயிலாப்பூர் வந்து சேரும்வரை பஸ்ஸில் அதே யோசனை. அப்படி என்னதான் செய்துவிட்டார்? யாரைப் போய்க் கேட்பது? ஆகவே எழுதுகிறேன். இனி வரும் பெயர், வீடு, பேரக்குழந்தை எல்லாம் நான் போட்டவை.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மனிதக் குடலுக்குள் கோடானுகோடி நுண்ணுயிரிகள் வசிக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை நமக்கு —"

[விட்டுவிட்டேன். பள்ளிக்கூடப் பாடம்.]

அப்புறம் இப்படி:

"கடல் அன்று கலங்கலாக இருந்தது. பக்கிரியின் மனசும் —"

[இதையும் விட்டேன். மீன்பிடிக்கிற ஆள் என்றதும் கடலை எடுத்து அவன் மனசோடு கட்டிவிட வேண்டுமா என்ன?]

கடைசியில் ஒரே வரி எழுதினேன். பக்கிரி குடிக்கவில்லை.

அது நிலைத்துவிட்டது. ஆனால் எப்படிப்பட்டவன் குடிக்கவில்லை? வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத ஆளாக அவனை முதலில் வைத்திருந்தேன். அப்படி வைத்தால் வேலை சுலபம். உத்தமன்மேல் வீண்பழி, படிக்கிற நீங்கள் உச்சுக் கொட்டுவீர்கள், முத்துமாரி கெட்டவளாகிவிடுவாள். நான் பார்த்த அந்த அம்மாவின் முகம் கெட்ட முகமில்லை. அதனால் பக்கிரிக்குப் பத்து வருஷக் குடியைக் கொடுத்தேன்.

(ஐம்பதை நெருங்குகிற ஆளை 'அவன்' என்று எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதினால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்; கிட்டே போக முடியவில்லை.)

3

ஊரூர் குப்பத்தில், அடையாறு கடலில் சேரும் இடத்துக்குக் கிட்டே பக்கிரியின் வீடு. ஒரு ஃபைபர் படகில் பாதிப் பங்கு. மனைவி முத்துமாரி பெசன்ட் நகரில் ரோட்டோரம் பலகை போட்டு மீன் விற்பவள். ஒரே மகள் ஜெயபாரதி, கட்டிக்கொடுத்தாகிவிட்டது.

குடியில் பக்கிரி பெயரெடுத்தவன். மணலில் கிடந்தவனை முத்துமாரி எத்தனையோ முறை தோளில் தாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறாள். வாடிக்கைக்காரர்கள் முன்னால் அவன் வந்து கத்திய நாட்களில் தலை நிமிராமல் மீனுக்குச் செதில் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அப்புறம் ஒரு ஆடி மாதம் அவன் அம்மனுக்குக் காப்பு கட்டிக்கொண்டான். காப்பு கட்டினால் குடிக்கக்கூடாது. திருவிழா முடிந்தது, காப்பை அவிழ்த்தார்கள். அவன் குடிக்கப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

(ஏன் நிறுத்தினான் என்று கேட்பீர்கள். மகளின் அழுகை, கூட்டாளியின் சாவு என்று இரண்டு காரணம் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் பின்னணி இசை கேட்டது. அவனையே கேட்டால், "தெரியல, அப்டியே உட்டுட்டேன்" என்பான்.)

முத்துமாரி உடனே நம்பிவிடவில்லை. ஒரு வருஷம்போல அவனை ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். பிறகு ஒரு மத்தியானம் கடையிலிருந்து வந்தவள், அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்தே ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "உப்பு பத்தல," என்றாள். கல்யாணமான புதிதில் அப்படிச் செய்வாள். பக்கிரிக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான், கண் கலங்கியதை அவள் பார்த்துவிடக்கூடாதே.

அதற்கப்புறம்தான் வயிறு. வலை இழுத்துக்கொண்டிருந்தவன் படகிலேயே சுருண்டு விழுந்தான். குடல் முறுக்கிக்கொண்டிருந்தது. கரை சேர்ந்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முறுக்கிய இடம் ரத்தம் ஓடாமல் கறுத்துப்போய்விட்டது. அத்தனையையும் வெட்டி எடுத்தார்கள்.

"சின்னக் குடல்ல கொஞ்சந்தாம்மா மிச்சம். ஆனா ஆளு மிச்சம். அதப் பாருங்க," என்றார் ஆபரேஷன் செய்தவர்.

"அது போதும் சார்," என்றாள் முத்துமாரி.

4

இப்போது உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்லப்போகிறேன். பக்கிரிக்கும் முத்துமாரிக்கும் இது வெகுநாள் தெரியாது. தெரிந்துகொண்டு நீங்கள் சும்மா இருக்க வேண்டும், அது கஷ்டம்தான்.

சிறுகுடல் அத்தனை நீளமாக இருப்பது சாப்பாடு மெதுவாகப் போவதற்காக. போகிற வழியில் சத்து உறிஞ்சப்பட்டுவிடும். அங்கே கிருமிகள் குறைவு. அவை கும்பலாக வாழ்வது கீழே, பெருங்குடலில். இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு உண்டு. பக்கிரிக்கு வெட்டி எடுத்ததில் அந்த வால்வும் போய்விட்டது. கீழே இருந்தவை மேலே ஏறிவிட்டன. இந்தப் பக்கம், குட்டையான குடலில் செரிக்க நேரமில்லாமல் சோறும் சர்க்கரையும் பாதியிலேயே அவற்றிடம் போய்ச் சேர்ந்தன. தின்றன, பெருகின, வயிற்றுக்குள்ளேயே புளிக்கவைத்தன. அந்தப் புளிப்பில் ஒருவகை அமிலம் உண்டாகிறது. அதைச் சீக்கிரம் கழித்துவிட நம் உடம்புக்குத் தெரியாது. ரத்தத்தில் ஏறித் தலைக்குப் போனால் நாக்கு குழறும், கால் பின்னும், கண் சொருகும்.

பார்க்கிறவர்களுக்கு அது என்னவாகத் தெரியும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

(கிருமிகளைப் பகைவர்களாக எழுதச் சொல்லி என் கை பரபரத்தது. அடக்கினேன். அவை இல்லாமல் நாமும் இல்லை. கிடைத்ததைத் தின்றன, அவ்வளவுதான். பக்கிரியும் அதைத்தான் செய்தான்.)

குடல் குட்டையானவனுக்குத் தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை, பசி விடுவதில்லை. பக்கிரி தின்றான். குண்டான் சோறு, அதன்மேல் தயிர். தயிர் வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று தெருவே சொன்னது. முத்துமாரியும் ஊற்றி ஊற்றிப் போட்டாள். அவன் சாப்பிடுவதைப் பார்க்க அவளுக்கு அத்தனை ஆசை. செத்துப் பிழைத்த ஆள்.

5

அந்த வருஷ ஆடிக் கூழ். அம்மன் கோயில் வாசலில் அண்டாவில் கூழ் கொதித்தது. பக்கிரி சொம்பு சொம்பாக வாங்கிக் குடித்தான். கேழ்வரகும் நொய்யும் கரைத்த கூழ், வெங்காயம், கருவாட்டுக் குழம்பு. வயிறு நிறைந்த மாதிரி ஒரு சுகம். ஊர்வலம் கிளம்பும் நேரத்துக்கு அவனுக்குத் தரை சாய்ந்தது. கம்பத்தைப் பிடித்தான். கை வழுக்கியது.

"இன்னா பக்கிரி, மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று எவனோ சிரித்தான்.

இல்லை என்றுதான் சொன்னான். வாயிலிருந்து வந்தது "இயே" என்றது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

முத்துமாரி அவனை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். அவன் தாடையைப் பிடித்து வாயை மோந்து பார்த்தாள். கூழ் வாசனைதான்.

"வாசனை வராம குடிக்கக் கத்துக்கினியா? அம்மா வாசல்லயா? உனக்கு வெக்கமா இல்ல?"

தூங்கி எழுந்ததும் தெளிந்துவிட்டது. "சத்தியமா குடிக்கலமே," என்றான். அவள் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். குடித்த பத்து வருஷமும் அவன் செய்த சத்தியங்களும் அதே வார்த்தைகளில்தான் இருந்தன.

இன்னும் சில முறை அப்படி வந்தது. அவள் சண்டை போடுவதை நிறுத்திவிட்டாள். பரண்மேல், படகுக்கு அடியில், துணி மூட்டைக்குள் என்று பாட்டில் தேடினாள். கிடைக்கவில்லை. கிடைக்காதது அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

மகள் ஜெயபாரதி பிரசவத்துக்கு வந்தாள். பையன் பிறந்தான். பக்கிரிக்குக் குழந்தையைக் கீழே விட மனசு வராது. அதன் உச்சந்தலையில் மூக்கை வைத்துக்கொண்டே வாசலில் நிற்பான். ஒரு நாள் மத்தியானம், பாயசத்தோடு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மணல் பக்கம் நடந்தான். முத்துமாரி தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். அவன் நடை கோணலாகப் போய்க்கொண்டிருந்தது. முழங்கால் மடங்கியது. குழந்தையின் தலை அவன் முழங்கையிலிருந்து நழுவிக் கீழே தொங்கியது.

அவள் ஓடிய ஓட்டத்தில் காலில் கிளிஞ்சல் கிழித்தது. அவளுக்குத் தெரியவில்லை. குழந்தையைப் பிடுங்கினாள்.

"போ," என்றாள். கத்தவில்லை. "என்ன இன்னா வேணா பண்ணியிருக்க. நான் தாங்கிக்கினேன். கொழந்த மேல கை வெச்சிட்ட. போயிடு. எங்கண்ணுல படாத."

வாசலில் மகள் நின்று அழுதாள். ஒரு வார்த்தையும் அப்பாவுக்காகச் சொல்லவில்லை.

(இந்த இடத்தை எழுதிவிட்டு இரண்டு நாள் கதையைத் தொடவில்லை. முத்துமாரி இடத்தில் நீங்கள் இருந்தால் வேறு என்ன செய்திருப்பீர்கள்?)

6

பக்கிரியின் அக்கா மகன் மகேஷ், வடபழனியில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தான். ஷூட்டிங் யூனிட் வண்டி ஓட்டுகிறவன். மாமனை உள்ளே விட்டான்.

"இங்க இருந்துக்கோ மாமா. ஆனா சரக்கு மட்டும் வேணாம், இன்னா?"

"நான் குடிக்கலடா."

"சரி மாமா," என்றான் மகேஷ், நம்பாதவர்கள் சொல்லும் அந்தச் சரியை.

வடபழனியில் காற்றே வேறு. டிப்போவில் பஸ் எடுக்கும் இரைச்சல், முருகன் கோயில் பக்கம் கல்யாண மேளம், டீசல் வாசனை. படுத்தால் காதுக்குக் கடல் கேட்காது. இத்தனை வருஷமும் அந்தச் சத்தம் இருந்ததே அவனுக்குத் தெரியாது, இல்லாதபோதுதான் தெரிந்தது. முத்துமாரியின் கையில் எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத மீன் வாசனை ஒன்று உண்டு. முன்பெல்லாம் கேலி செய்வான். இப்போது கோடம்பாக்கம் மார்க்கெட்டில் மீன் விற்கும் பெண்கள் பக்கமாகப் போய், வாங்காமல் சும்மா நின்றுவிட்டு வருவான். அந்த வாசனை வேறு மாதிரி இருந்தது.

குழந்தைக்குத் தலை நின்றிருக்குமா? குப்புற விழுந்திருக்குமா? கேட்கப் போன் இருந்தது. போட்டால் முத்துமாரி எடுப்பாள். குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள். வைப்பதற்கு முன்னால் அவள் விடுகிற மூச்சு ஒன்று கேட்கும். அதற்காகவே இரண்டு தரம் போட்டான்.

மகேஷ் யூனிட்டில் மிஞ்சின சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவருவான். பிரியாணி, கேசரி, தயிர்சாதம். பக்கிரி தின்றான். குழறினான். சுவரைப் பிடித்து நடந்தான். மகேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கடைசியில் பக்கிரிக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. எல்லோரும் சொல்கிறார்களே, ஒருவேளை நான் குடிக்கிறேனோ? குடித்துவிட்டு மறந்துபோகிறேனோ? தெளிந்ததும் தன் சட்டைப் பையைத் தானே துழாவிப் பார்த்துக்கொள்வான்.

7

இங்கே கதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்றில் அவன் குடித்துவிட்டான்:

"எப்படியும் குடிகாரன்தானே என்று பக்கிரி மூடியைத் —"

[அரைப் பக்கம் எழுதி நிறுத்தினேன். நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவன் கை மூடியைத் திருகவே இல்லை. நான்தான் திருகிக்கொண்டிருந்தேன்.]

நடந்தது இதுதான் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மத்தியானம் பக்கிரி பரோட்டாவை வயிறு முட்டத் தின்றுவிட்டுச் சாராயக் கடைக்குப் போனான். ஒரு குவார்ட்டர் வாங்கினான். பக்கத்துச் சந்தில் ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தான். பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். நாலு மடக்கு போதும். ஊர் சொல்வது உண்மையாகிவிடும்; உண்மையானபின் இந்தக் குழப்பமாவது இருக்காது.

அப்போது போன் அடித்தது. மகேஷ்.

"எங்க மாமா கீற?"

"இங்கதாண்டா," என்று சொல்லப் போனான். நாக்கு தடித்துக்கொண்டு, "இந்ததாந்தா" என்றது.

பக்கிரி போனைக் கீழே வைத்தான். எழ முயன்றான். கால் பின்னியது. மறுபடி உட்கார்ந்து பாட்டிலைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். சீல் அப்படியே இருந்தது. மூடி திறக்கவில்லை. அதைத் தடவிப் பார்த்தான். விரலால் நெருடினான்.

நான் குடிக்கவில்லை.

முதல் முறையாக அவனே அதை நம்பினான். படியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

பாட்டிலை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு பெசன்ட் நகர் பஸ்ஸில் ஏறினான். முத்துமாரியிடம் காட்ட வேண்டும். கண்டக்டர் முறைத்தார், ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் வந்தான். அடையாறு வந்தபோதுதான் உறைத்தது. தள்ளாடிக்கொண்டு, மடியில் பாட்டிலோடு வாசலில் போய் நின்றால் அவள் எதை நம்புவாள்? சீல் உடையாததையா பார்ப்பாள்? வீடு இன்னும் கொஞ்ச தூரம்தான். காற்றில் உப்பு வந்துவிட்டது. அங்கேயே இறங்கினான். ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தான். அந்த நடைதான் அவன் வாழ்க்கையிலேயே கஷ்டமான நடை. வீட்டுக்கு முதுகைக் காட்டி நடந்தது.

8

டாக்டர் ரூபீனா குடல் வைத்தியர். முன்பு ஒரு தரம் அவனைப் பார்த்திருக்கிறார். பக்கிரி மேஜைமேல் பாட்டிலை வைத்து மூடியைக் காட்டினான்.

"தொதக்கல தாக்தர்," என்றான். "ஆனா பாதுங்க."

அவர் பாட்டிலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். எழுந்து வந்து கண்ணில் டார்ச் அடித்தார். தன் விரலைத் தொடச் சொன்னார். அவன் விரல் எங்கோ போனது.

"இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

அத்தனை மாதத்தில் அவனை ஒருவரும் கேட்காத கேள்வி. என்ன குடித்தாய் என்றுதான் கேட்டிருந்தார்கள்.

ரத்தம் எடுத்தார்கள். சாராயம் துளியும் இல்லை. அமிலம் ஏகத்துக்கு இருந்தது. எந்த அமிலம் என்று காட்டும் பரிசோதனை வெளியே போய் வர வேண்டும். டாக்டர் காத்திருக்கவில்லை. படுக்கையில் சேர்த்து, சோறு நிறுத்தி, கிருமிக்கு மருந்து கொடுத்தார். பக்கிரி தெளிந்தபின் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "இப்படி வரலாம்னு நாங்க முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல. உங்க வீட்ல நானே பேசறேன், நம்பர் குடுங்க."

அப்படித்தான் முத்துமாரி வந்தாள். வந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, யாரென்றே தெரியாத என்னிடம் பேசினாள். அறைக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. இப்படி இருந்திருக்கலாம்:

"ஒரு சொட்டுகூட இல்லயா டாக்டரம்மா?"

"இல்லம்மா."

முத்துமாரி கட்டிலில் கிடந்தவன் பக்கம் திரும்பினாள். மெலிந்து போயிருந்தான்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன்மே. கொழறிக்கினு சொன்னா எவ நம்புவா? நானே நம்பல."

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவன் காலடியில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாக அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். சோறு கொஞ்சம் கொஞ்சமாக. சர்க்கரை வேண்டாம், தயிரும் இப்போதைக்கு வேண்டாம். மருந்தை விட்டு விட்டு எடுக்க வேண்டும்.

"முழுசா சரியாய்டுமா?"

"திரும்ப வரும்மா. எப்பன்னு சொல்ல முடியாது. வந்தா இதே மாதிரிதான் இருக்கும்."

9

இனி முடிவு. மூன்று இருக்கிறது.

முதலாவதில் பக்கிரி ரோஷப்பட்டு வடபழனியிலேயே இருந்துவிடுகிறான். ஒரு பத்தி எழுதினேன். அவன் கேட்கவில்லை. அத்தனை ஏங்கிக் கிடந்தவனுக்கு ரோஷம் எங்கிருந்து வரும்?

இரண்டாவதில் வீட்டுக்கு வருகிறான். முத்துமாரி குழந்தையை எடுத்து நீட்டுகிறாள். அவன் கை நீட்டாமல், "இரு, உக்காந்துக்கினு வாங்கிக்கிறேன்," என்று சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, அப்புறம் வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறான். குழந்தைக்குத் தலை நின்றிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. இங்கே நிறுத்தியிருக்கலாம்.

ஆனால் 'திரும்ப வரும்' என்று டாக்டர் சொல்லிவிட்டாரே. அதோடு, நினைத்துப் பார்த்தீர்களா, இனி பக்கிரி நிஜமாகவே குடித்தாலும் யாருக்கும் தெரியாது. கேட்டால் கிருமி என்று சொல்லிவிடலாம். எனக்குத் தோன்றிய இது முத்துமாரிக்கும் தோன்றியிருக்கும். பக்கிரிக்கும்.

ஆகவே மூன்றாவது. மழை விட்ட ஒரு சாயங்காலம். மகளும் குழந்தையும் புகுந்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். முத்துமாரி கடையை முடித்துக்கொண்டு வருகிறாள். அவளுக்குப் பசிக்கிறது, அடுப்படிக்குப் போகிறாள். காலையில் வடித்த சோறு குண்டானில் தட்டுப் போட்டு மூடியிருக்கிறது. அதைத் தொடும்போது வெளியே மணலில் காலடி கேட்கிறது. ஒரு அடி அழுத்தமாக, அடுத்தது இழுத்துக்கொண்டு, அப்புறம் சுவரில் கை உரசும் சத்தம்.

குண்டானைத் திறந்து பார்த்தால் போதும். சோறு காலியாக இருந்தால் அவன் தின்றிருக்கிறான். அப்படியே இருந்தால் —

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன்.]

அவள் விரல்கள் தட்டின் விளிம்பில் இருக்கின்றன. உள்ளே எவ்வளவு சோறு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது; நான் எழுதவில்லை. வாசலில் நிற்கிறவன் கூப்பிடுகிறான்.

"முத்துமாயி…"

இத்தனை தூரம் அவர்களோடு வந்திருக்கிறீர்கள். முதலில் அவள் எந்தப் பக்கம் திரும்பட்டும், சொல்லுங்கள். சீக்கிரம். அவனால் அதிக நேரம் நிற்க முடியாது.